கோடிட்ட இடம்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. அந்தப் பெயரை எழுதக்கூடாத இடத்தில் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அந்த ஒரு முறை போதும். இதில் முழுக்க அவர் எனக்கு அக்கா, அவ்வளவுதான்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒரு கருவியில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு இங்கே எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பெங்களூரில் பார்க்கிற இடமெல்லாம் அந்த போர்டு தொங்கியது. மேசைக்குக் கீழே ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், ஒரு பக்கம் அழுத்தினால் பின்னால் போகும்.

என் முதல் ஃபைலைச் சரிபார்த்தவர் அக்கா. பக்கத்து சீட். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலின் கட்டைவிரலால்தான் பெடலை அழுத்துவார்.

"இது என்ன போட்டிருக்க?"

"பதினஞ்சு மில்லிகிராம், மேடம்."

"கேட்டதா, போட்டதா?"

எனக்குப் புரியவில்லை.

"டாக்டர் பதினஞ்சுன்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்ல அங்க ஏதோ ஒண்ணு இருக்கணுமேன்னு நீயா போட்டியா?"

"போட்டேன்."

மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டார். மூன்று முறையும் அந்த டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசினார். "எனக்கும் விழல," என்று பதினைந்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டார். "அம்பதா கூட இருக்கும். அந்தப் பக்கம் ஒரு பேஷண்ட் படுத்திருக்கான் மேன். கேட்டா எழுது. கேக்கலன்னா கோடு போடு. கோடு இருந்தா டாக்டர் பாத்து ரொப்பிக்குவார். நீ ரொப்பிட்டா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு மர டிப்போவில் லாரிக்கு மரம் ஏற்றுபவர். பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே யுக்தி, விடைத்தாளில் வெற்றிடம் விடாதே என்பது. "தெரியலன்னாலும் எதையாவது எழுதி வைங்கடா, அரை மார்க்காவது விழும்" என்பார் எங்கள் வாத்தியார். கோடிட்ட இடங்களை நிரப்பி நிரப்பித்தான் பத்தாவது, பன்னிரண்டாவது, பி.காம். என்று ஏறி வந்தேன். ஒரு கோட்டைக் கோடாகவே விடுவது படித்தவர் செய்யும் வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அக்கா ஃபைல் விஷயத்தில் மட்டும் அல்ல, எப்போதுமே அப்படித்தான். எதையும் ஊகிக்க மாட்டார். சூப்பர்வைசர் கோபமா இருக்காரா என்று கேட்டால், "கதவச் சாத்துனார். அது மட்டும்தான் தெரியும்" என்பார். மழை வருமா என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப இல்ல" என்பார். ரிச்சர்ட்ஸ் டவுனில் அம்மாவோடு இருந்தார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார், முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு அலுவலகத்தில் நாலைந்து கதைகள் இருந்தன. ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். அக்கா டிபனுக்கு வாங்கிய காரா பன்னைப் பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை வழக்கம்போல வீட்டுக்குக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, "அதுக்கு ஒரு கோடு போட்டுக்கோம்மா," என்றார். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

காலை ஆறு மணி ஷிப்ட். ஃபைல் வராத நேரங்களில் எல்லோரும் கொட்டாவி விடுவோம். அக்காவின் கைகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள். கன்னடக்காரரான சூப்பர்வைசர் தாண்டிப் போகும்போது பார்த்து, "நோடிப்பா, வேலைனா இது," என்று எங்களுக்குக் காட்டுவார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். டாக்டரும் இல்லை, பேஷண்டும் இல்லை. ஓர் ஆறு, ஒரு துறை, எதிர்க்கரையில் ஒரு நகரம். எல்லாமே எழுத்தில். அது இணையத்தில் பல பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. படம் கிடையாது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த வேடமாகவே பேசி, நடந்து, சண்டை போட்டு, எல்லாவற்றையும் டைப் அடித்தே வாழ வேண்டும். ஆங்கிலத்தில்தான் நடந்தது. நடுநடுவே ஆங்கில எழுத்தில் தமிழும் கன்னடமும் கலந்து வரும்.

முகவரியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தன் வேடம் எது என்று சொல்லவில்லை.

அன்று மாலையே எங்கள் தெரு முனை பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஆற்றின் இக்கரையில்தான் இறங்க வேண்டும். ஒற்றைக்கண் கிழவர் ஒருவர், ஓடக்காரர், அக்கரைக்குக் கூட்டிப்போவார். அவரிடம் எப்படிக் கேட்பது? எனக்கு முழுசாக எழுதத் தெரிந்த ஒரே ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யூ" என்று தொடங்கி, தயவுகூர்ந்து என்னை எதிர்க்கரைக்கு அழைத்துச் செல்லுமாறு பணிவுடன் வேண்டி, தங்கள் கீழ்ப்படிந்துள்ள என்று முடித்தேன்.

துறையில் நின்ற ஏழெட்டுப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். ரேஸர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் என் கடிதத்தை அப்படியே நகலெடுத்து நகரத்துச் சந்தை, சத்திரம், கோட்டை வாசல் என்று எல்லா இடத்திலும் ஒட்டினான். வேலைக்காரி மகன் வந்திருக்கிறான், ஓட்டுகிற ஆளுக்கே சார் போடுகிறான் என்று எழுதினான். எனக்கு லீவ் லெட்டர் என்றே பெயர் விழுந்தது. என் அம்மா இந்திராநகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அவனுக்கு அது தெரியாது. சும்மா அடித்த கல் சரியாக வந்து விழுந்தது.

ஓடக்காரர் மட்டும் இரண்டே வரி எழுதினார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஏறி உட்கார்.

புகார்களை விசாரிக்க அந்த விளையாட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓடக்காரர். அவரிடம் போய், ரேஸர் மோசமானவன், அவனைத் துரத்துங்கள் என்று எழுதினேன். ஆளை விடு, வரியைக் காட்டு என்று பதில் வந்தது. காட்டினேன். அடுத்த கேள்வி வந்தது. இவன் சொன்னது உன் காதில் விழுந்ததா, அல்லது நீயாகப் போட்டுக்கொண்டாயா?

எழுந்து நின்றுவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன்.

"அக்கா, ஓடக்காரர் நீங்கதானே?"

"கேட்டதா, போட்டதா?"

"போட்டதுதான்."

"அப்ப கோடு போடு." ஹெட்போனை மாட்டினார். ஒரு ஃபைல் முடிந்ததும் கழற்றினார். "சரி, நான்தான். அங்க யாருக்கும் தெரியாது. பொம்பளன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உனக்குள்ளயே வெச்சுக்கோ. கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

அது தெளிவாகவே கேட்டது.

அவருடைய விசாரணையைப் பிறகு பக்கத்தில் இருந்தே பார்த்தேன். விளையாட்டில் பேசுவதெல்லாம் பதிவாகும். யாராவது அலறிக்கொண்டு வந்தால் அந்தப் பதிவை டாக்டர் பேச்சைப் போலவே பின்னால் ஓட்டி ஓட்டிப் படிப்பார். ஒருத்தனை எல்லோரும் துரத்தச் சொன்னார்கள், செத்துப் போ என்று எழுதிவிட்டானாம். அக்கா நாற்பது வரி மேலே போய், அவனை அதற்கு முன் மூன்று பேர் சேர்ந்து என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எடுத்துப் போட்டார். நான்கு பேருக்கும் துடுப்பு. துடுப்பு என்பது அங்கே அவர் கொண்டுவந்த தண்டனை. ஓடக்காரருக்குப் பதிலாக இத்தனை நாள் ஓடத்தில் நின்று, வருகிற புதியவர்களை எல்லாம் வரவேற்று, அவர்கள் கேட்கும் அசட்டுக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அக்கரையில் விட வேண்டும். திட்டுவதிலேயே காலம் தள்ளியவனுக்கு அதைவிடப் பேஜார் கிடையாது. ஆனால் ஒருமுறை, ஒரு கல்லூரிப் பெண்ணிடம் உன் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பேன் என்று ஒருவன் எழுதினான். அதற்கு அக்கா பின்னால் ஓட்டவே இல்லை. அப்போதே அவனை நீக்கினார். "அந்த வரிக்கு முன்கதை வேணாம்," என்றார்.

என் புகாருக்கு ரேஸருக்கு மூன்று நாள் துடுப்பு கிடைத்தது. அன்றிலிருந்து அவனுக்கு ஓடக்காரர் மேல் தீராத எரிச்சல்.

இனி என் வரிக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து பிரவுசிங் சென்டரில் இருந்தேன். அக்கா அன்று விளையாட்டில் இல்லை. சந்தையில் ரேஸர் கூட்டம் சேர்த்திருந்தான். அந்தக் கிழவன் யாரென்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா, ரிட்டயர்டு பியூனாக இருப்பான், குடித்துவிட்டு வந்து நமக்கு நியாயம் சொல்கிறான், பெயர் கிடையாது, ஊர் கிடையாது, அவன் யாருமே இல்லை என்று எழுதினான். யாரும் பதில் சொல்லவில்லை. திரையில் அந்த வரிக்குக் கீழே காலியாக இருந்தது. தேர்வு அறையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. பதில் தெரிந்த ஒரே மாணவன் நான்.

எழுதினேன். அவர் கிழவன் இல்லை, பெண். என் பக்கத்து சீட். உங்கள் எல்லோரையும்விட வேகமாக டைப் அடிப்பார். கம்பெனியின் பெயரை எழுதினேன். அதோடு நிற்காமல், மார்க் வாங்கப்போகிறவன் மாதிரி, அவருடைய பெயரையும் முழுசாக எழுதினேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அங்கே வந்த வரிகளை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அலுவலகத்துக்கு போன். அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டு, எடுத்தால் சிரிப்பு. எட்டு மணிக்குள் ஆறு போன். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"ஏனம்மா இது? போன் மேல போன். ஏதோ ஆட்டம்னு சொல்றாங்க. இங்க உக்காந்து ஆடுனியா?"

"ஆடுனேன் சார். ஃபைல் இல்லாதப்ப."

"நம்ம கம்பெனி பேரு அவங்களுக்கு எப்படிப் போச்சு? யாரு சொன்னது?"

என் கால் பெடலின் மேலேயே உறைந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுக்கு ஒரு கோடு போட்டுக்கோங்க சார்."

அவருக்கு மெமோ வந்தது. இனி ஒரு போன் வந்தாலும் வேலை போய்விடும் என்று அதில் இருந்தது. அம்மாவும் அவரும் அந்த ஒரு சம்பளத்தில்தான் இருந்தார்கள்.

மறுநாள் நான் பதினொரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ரேஸரும் அவன் ஆட்களும் எழுதியதையெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன். டிபன் நேரத்தில் அவர் முன்னால் வைத்தேன்.

"எல்லாரையும் தூக்குங்கக்கா."

"எந்த வரி?"

"எல்லா வரியும்."

அவர் நிதானமாக முதல் பக்கத்திலிருந்து படித்தார். தன்னைப் பற்றி எழுதியதை எல்லாம் வேறு யாருடைய ஃபைலையோ சரிபார்ப்பதுபோலப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் பேனாவை எடுத்தார். அந்தப் பெயரை வைத்து விசாரித்து, ஞாயிறு காலை எந்த சர்ச்சில், எந்த வாசலில் அவர் வெளியே வருவார் என்று ரேஸர் எழுதியிருந்தான். அதை மட்டும் வட்டமிட்டார்.

"மத்ததெல்லாம் சத்தம் மேன். இதுதான் விலாசம்."

பிறகு பக்கங்களைத் திருப்பித் திருப்பி மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். அடிக்கோடிடாத ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். என் வரி.

"உண்மையத்தானேக்கா சொன்னேன். அவன் உங்கள யாருமே இல்லன்னு சொன்னான். அதான்."

"உண்மைதான். அவன் உன்னக் கேட்டானா?"

"கேட்டானே."

"அவன் கேக்கல. எடத்தக் காலியா விட்டான். நீ போய் ரொப்பிட்ட." அவர் குரல் உயரவில்லை. "நான் உங்கிட்ட ஒண்ணு சொன்னேனே, அது கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

அவர் பக்கங்களை அடுக்கி வைத்தார். காரா பன்னை அன்று பிய்க்கவே இல்லை.

தன்மேல் விழுந்த வரிக்குத் தானே தீர்ப்பு சொல்லக்கூடாது என்று, விசாரிக்கிற மற்ற இரண்டு பேருக்கும் இரண்டே இரண்டு வரிகளை அனுப்பினார். ரேஸருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. இரண்டு பேரையும் நிரந்தரமாக நீக்குகிறோம் என்று பதில் வந்தது. ரேஸரின் கதை அதோடு முடிந்தது. அவன் போனதும் போன்களும் நின்றன. என்னைப் பற்றி அக்கா திரும்ப எழுதினாராம். அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேட்டேன். "அவன் என்னை அடிச்சான். நீ என்னக் காட்டிட்ட. ரெண்டும் ஒண்ணுன்னு அவங்க நெனைக்கறாங்க. இல்லன்னு சொன்னேன். நாப்பது நாள் துடுப்பு." ஏன் நாற்பது என்று கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் அவர்களுக்குத் தவக்காலம் என்று பிறகுதான் தெரிந்தது.

அலுவலகத்தில் ஆட்டம் நின்றுவிட்டதால், மாலையில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அவர் வந்தார். நானும் போனேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். இனி அவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். துறை நிறையக் கூட்டம். ரேஸரின் மிச்ச ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அக்கா உள்ளே நுழைந்தார். இல்லை என்று சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. கிழ ஓடக்காரராகவே, ஓடம் தயார், ஏறுகிறவர்கள் ஏறலாம் என்று எழுதினார். திரையில் அந்தக் கை துளியும் நடுங்கியதாகத் தெரியவில்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். தடுப்புக்கு அடியில் அவர் கால் தெரிந்தது. செருப்பைக் கழற்றியிருந்தார். பெடலே இல்லாத வெறும் தரையைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. பின்னால் ஓட்டுகிற பக்கம். திரும்பத் திரும்ப.

அந்த விரலை நான் இன்றுவரை மறக்கவில்லை. இன்று என் பிழைப்பே இணையத்தில் பேசிக்கொள்கிறவர்களின் புகாரைப் படிப்பதுதான். டேய், பெரிய பெரிய ஆளுங்களே கத்துற எடத்துல உனக்கு எப்படிடா பொறுமை இருக்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்குப் பொறுமை எல்லாம் கிடையாது. எந்த வரி என்று கேட்பேன். முதல் வரிவரைக்கும் மேலே போவேன். அதன் கீழே ஏதோ ஒரு மேசைக்கு அடியில் ஒரு கால் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னை அவர் மன்னித்தாரா என்பது தெரியாது. கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இரண்டு வருடம் கழித்து வேலை மாறிப் போனார். நானாக எதையும் போட்டுக்கொள்ளவில்லை. கையில் இருப்பது துடுப்புப் போட்ட முப்பத்தொன்றாம் நாள் மட்டும்.

அன்று மாலை துடுப்பு என் கையில். இக்கரையில் ஒரு புதியவன் வந்து இறங்கினான். பிறகு மெதுவாக, மதிப்பிற்குரிய அய்யாவுக்கு என்று தொடங்கி, பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று முடித்தான். லீவ் லெட்டரேதான். துறையில் நின்றவர்கள் நகலெடுப்பதற்குள் நான் அவசரமாக எழுதினேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஏறி உட்கார்.

ஓடத்தைத் தள்ளுவதற்கு முன் அவன் கேட்டான். பழைய ஓடக்காரர் ஒரு பெண் என்கிறார்களே, நிஜமா? அவர் பெயர் என்ன?

அவன் ரேஸர் மாதிரி இல்லை. நிஜமாகவே கேட்டான். எனக்குப் பதிலும் தெரியும். கீபோர்டில் கோடு போடும் விசையை அழுத்திப் பிடித்தேன். திரையில் ஒரு கோடு நீண்டுகொண்டே போய் வரியின் முனையில் நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"இன்னும் எத்தன நாள் இருக்கு உனக்கு?"

"ஒம்பது, அக்கா."

"ஒம்பதும் போடணும். கொறைக்கறதெல்லாம் கெடையாது." காகிதம் சரசரத்தது. பிறகு தடுப்புக்கு மேலே ஒரு கை வந்தது. காகிதத்தில் மடித்த பாதி காரா பன், வீட்டுக்குப் போகிற பாதி. "நான் இன்னிக்கு சும்னே உக்காந்து வர்றேன். நீ தள்ளு."

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. கிழ ஓடக்காரர் ஓடத்தில் ஏறி, பயணிகள் பலகையில் அமர்கிறார்.